அட்டையில் இருந்த 42

அதுல் கவாண்டேயின் 'பெட்டர்' 2007இல் வெளியான புத்தகம். நான் அதைப் போன மழைக்காலத்தில்தான் வாசித்தேன், நெல்லிக்குப்பம் வீட்டுத் திண்ணையில். முடித்ததும் பீரோவைத் திறந்து சித்தப்பாவின் டி.பி. சிகிச்சை அட்டையை எடுத்தேன். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்ததில் எழுந்த கேள்விகள்தான் இந்தக் கட்டுரை.

கவாண்டே பாஸ்டனில் அறுவை மருத்துவர். புது மருந்து, புதுக் கருவி எதுவும் இல்லாமல், கையில் இருப்பதை வைத்தே சிகிச்சையை எப்படி மேம்படுத்துவது என்பது அவருடைய கேள்வி. கடைசியில் இளம் மருத்துவர்களுக்கு அவர் சொல்லும் ஐந்து யோசனைகளில் ஒன்று: எதையாவது எண்ணுங்கள். தமிழில் எண்ணுவது என்றால் கணக்கிடுவது, யோசிப்பது இரண்டும்தான். அவர் சொல்ல வருவதும் ஏறக்குறைய அதுவே.

புத்தகத்தின் சிறந்த பகுதி வர்ஜீனியா ஆப்கரைப் பற்றியது. நியூயார்க்கில் மயக்க மருத்துவராக இருந்த ஆப்கர் 1953இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார். பிறந்த குழந்தையின் நிறம், நாடித்துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை இறுக்கம், மூச்சு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து இரண்டு வரை, மொத்தம் பத்து. பிரசவ அறையில் இருக்கும் எந்த நர்ஸும் போடலாம். 'பிழைக்காது' என்று ஒதுக்கி வைத்த குழந்தைக்கு 'மூன்று' என்று ஓர் எண் கிடைத்ததும், அதை ஐந்தாக்க முடியுமா என்று டாக்டர்கள் பார்க்க ஆரம்பித்தார்கள். எண் அங்கே ஒரு செயலைத் தூண்டுகிறது.

அடுத்து சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றிய அத்தியாயம். ஒரே நோய், ஒரே வழிகாட்டு நெறிகள். ஆனால் நோயாளிகள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள் என்பது மையத்துக்கு மையம் வேறுபடுகிறது. சின்சினாட்டி மருத்துவமனை தான் சுமார்தான் என்பதைக் குடும்பங்களிடம் வெளிப்படையாகச் சொல்கிறது. ஆனாலும் குடும்பங்கள் விலகிப்போகவில்லை. அருமையான இடம். என் மறுப்பும் இங்கேதான் தொடங்குகிறது. விலகிப்போக இன்னொரு மையம் இருப்பவர்களின் கதை இது. சித்தப்பாவுக்கு பஸ் எங்கே போகிறதோ அதுதான் ஆஸ்பத்திரி.

இன்னொன்று, எழுதப்பட்ட எண் உண்மையானது என்று கவாண்டே நம்பிவிடுகிறார்.

சித்தப்பாவின் அட்டை 2018ஐச் சேர்ந்தது. மூன்று வருகை. எடைக் கட்டத்தில் மூன்று முறையும் 42. அந்த வாரங்களில் லுங்கி இடுப்பில் நிற்காமல் சணல் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தது. "கரும்பு வெட்டி நின்ன காலு, வீங்காம என்ன பண்ணும்" என்றார் சித்தி. நாங்களும் தலையாட்டினோம். மாத்திரைக் கட்டங்களில் ஒன்றுகூட விடுபடவில்லை. ஏழாவது வாரம் இறந்துபோனார்.

பிறகொரு நாள் அட்டை எழுதிய அக்காவிடம் கேட்டேன். "மெஷின் ரிப்பேர் தம்பி. கட்டத்தைக் காலியா விட்டா மேல கேப்பாங்க." அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. காலிக் கட்டத்துக்குக் கேள்வி, பொய்க் கட்டத்துக்குக் கேள்வி இல்லை என்றால் யாராக இருந்தாலும் 42தான் எழுதுவார்கள்.

காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டில் 2022 ஏப்ரலில் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' கைவைத்தது இங்கேதான். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் அதில் பங்கு. நோய் உறுதியானதும் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்: உயரத்துக்கு ஏற்ற எடை, கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா. லேப் வேண்டாம். ஏதாவது ஒன்றில் அபாயம் தெரிந்தால் டாக்டரிடம் அனுப்பி, தேவையானால் அட்மிஷன். ஆப்கரின் ஐந்துக்கு ஒரு தங்கை பிறந்த மாதிரி.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பா 168 சென்டிமீட்டர். 42 கிலோ உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் உடல் நிறை எண் 14.9. இந்த முறைப்படி 14க்கு மேல், 16க்குள் இருந்து இரண்டு காலும் வீங்கியிருந்தால் அது கடுமையான ஊட்டக்குறைவு. அந்தப் பொய் எண்ணே போதுமாக இருந்திருக்கிறது. கூடவே யாராவது காலைப் பார்த்திருக்க வேண்டும். அட்மிட் ஆகியிருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்ல மாட்டேன். கால் எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. நாங்களும் எண்ணவில்லை.

'பெட்டர்' நல்ல புத்தகம். நல்ல மருத்துவர் ஆக நினைப்பவரின் மனசாட்சியை அது துல்லியமாகப் பிடிக்கிறது. ஆனால் 'எண்ணுங்கள்' என்ற யோசனையை அங்கேயே நிறுத்திவிட முடியாது. எண்ணியதும் என்ன செய்யப் போகிறோம், எண்ண முடியாத அன்று கட்டத்தைக் காலியாக விட அனுமதி உண்டா என்ற இரண்டு கேள்விகளும் கூட வர வேண்டும். காலிக் கட்டம் 'மெஷின் ரிப்பேர்' என்றாவது சொல்லியிருக்கும். 42 எதையும் சொல்லவில்லை.

புத்தகத்தை வாசியுங்கள். அப்புறம் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் அட்டையையும் ஒரு தடவை எடுத்து வாசித்துப் பாருங்கள்.