நல்லதங்காள் பிழைத்திருந்தால்

நல்லதங்காள் கதைக்கு அழாதவர் குறைவு. பாட்டாகக் கேட்டும், 1955இல் வந்த படத்தைப் பார்த்தும் சனம் அழுதிருக்கிறது. ஆனால் அவள் செய்தது ஏழு கொலை. பஞ்சத்துக்குத் தப்பி அண்ணன் வீட்டுக்குப் போனவள், அண்ணி மூளி அலங்காரி செய்த அவமானம் தாளாமல் பெற்ற ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளிவிட்டுத் தானும் விழுந்தாள். வத்திராயிருப்புக்குப் பக்கத்தில், அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே உண்டு. இவ்வளவு பெரிய பாவத்தை ஊர் எப்படிப் பொறுத்துக்கொண்டது?

அவள் செத்துப்போனாள் என்பதால்தான் என்று நினைக்கிறேன். செத்தவளுக்காக அழுதால் போதும். பிழைத்தவளுக்கு மறுமொழி சொல்ல வேண்டி வரும்.

பிழைத்த ஒருத்தியின் வழக்கு 1989இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்தவள் அவள். பிள்ளைகள் இறந்தார்கள்; தாய் தப்பிவிட்டாள். கொலைக் குற்றத்தைக் குறைப்பதற்குச் சட்டம் கேட்பது 'பாரதூரமானதும் சடுதியானதுமான ஆத்திரமூட்டல்'. 1860ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவையில் இருந்த இந்த விதிவிலக்கு, 1883ஆம் ஆண்டின் நம் நாட்டுச் சட்டக்கோவையில் 294ஆம் பிரிவிலும் இருக்கிறது. 'சடுதி' என்பது சட்டென்று கை ஓங்குகிறவனின் கோபத்துக்குப் பொருந்தும். வருசக்கணக்கில் உள்ளே வெந்துகொண்டிருப்பவளுக்குப் பொருந்தாது. நெடுநாள் நீடித்த ஆத்திரமூட்டலும் கணக்கில் வரும் என்று அந்த நீதிமன்றம் ஏற்றுக் குற்றத்தைக் குறைத்தது. அந்த மனநிலைக்குச் சட்டத்தார் வழங்கும் பெயர் 'நல்லதங்காள் நோய்க்குறி'.

அதே 1989இல், இங்கிலாந்தில், பத்து வருசம் அடிபட்ட கிரண்ஜித் அலுவாலியா தூங்கிக்கொண்டிருந்த கணவனுக்குத் தீ வைத்தார். கொலைக் குற்றவாளி என்று ஆயுள் தண்டனை கிடைத்தது. அது 1992இல்தான் நீக்கப்பட்டது; அதுவும் அவருடைய மனநிலை பாதிக்கப்பட்டிருந்தது என்ற அடிப்படையில்.

சென்னைத் தீர்ப்பை வைத்துக் கதையைத் திரும்ப வாசித்தால் ஒரு குறை தெரிகிறது. கதையில் ஆண்கள் யாருக்கும் பழி இல்லை. கணவன் கூட இல்லை, அண்ணன் வீட்டில் இல்லை. முழுப் பழியும் இன்னொரு பெண்ணின் தலையில். வழக்கிலோ கொடுமை செய்தவன் கணவன். கதைப்பாடல் தொடாமல் விட்ட ஆளை நீதிமன்றம் பெயர் சொல்லிக் காட்டியது.

கதையின் நேர்மையையும் சொல்ல வேண்டும். நான் படிப்பிக்கும் அச்சுவேலிப் பக்கம் ஆறு இல்லை. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் கிணறுதான். கிணற்றடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லும்போது, மூத்த மகன் தாயிடம் கெஞ்சிக்கொண்டு ஓடுகிற இடத்தில் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். தாயின் துயரம் அந்தப் பிள்ளையின் குரலை அமுக்கிவிடவில்லை. வறுமைக்குப் பயந்து பிள்ளைகளைக் கொல்வதைக் குர்ஆன் (17:31) தடுக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் ஹக்கு உண்டு. நீதிமன்றமும் தாயைக் குற்றமற்றவள் என்று விடவில்லை. குற்றத்தின் அளவைத்தான் மாற்றியது. அது சரி என்றே எனக்குப் படுகிறது.

கதையில் நான் ஏற்காத இடம் ஒன்று உண்டு. நாத்தனார் வருவதைக் கண்டு அலங்காரி கதவைப் பூட்டுகிறாள். பத்தினியின் சொல்லுக்கு அது தானாகத் திறக்கிறது. ஊரில் எந்தக் கதவும் அப்படித் திறப்பதில்லை. நம் நாட்டில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதுகாப்புக் கட்டளை தருகிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி காதியிடம் பஸஹ் கேட்கலாம். ஆனாலும் அடி தாங்காமல் உம்மா வீட்டுக்கு வந்த மகளை, "சபூர் செய் மகள்" என்று திருப்பி அனுப்பும் வீடுகள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. சபூர் பெரிய குணம்தான். அடி வாங்கிக்கொண்டு இரு என்பது அதன் பொருள் இல்லை. நல்லதங்காளைப் படிப்பிக்கிறவர்கள் கிணற்றடியில் அழுதுவிட்டு முடிக்காமல், அந்தப் பூட்டிய கதவில் தொடங்க வேண்டும்.