கட்டிலோரம் ஒரு மணி நேரம்

குணமாகாத நோயாளிகளைக் கடைசிவரை பராமரிக்கும் ஹாஸ்பிஸில் இருக்கும் பெரியவரைப் பார்க்க முதன்முறை போகிறவர்கள் வாசலிலேயே இழவு வீட்டு முகத்தை வைத்துக்கொள்கிறார்கள். கட்டிலில் இருப்பவர் "வாங்க, சாப்டீங்களா?" என்று கேட்டதும் பதில் வராமல் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் நின்றேன்.

நான் வாராவாரம் பார்க்கப் போன பெரியவருக்கு 78 வயது. பஸ் கண்டக்டராக இருந்தவர். நுரையீரலில் புற்று. தலைமாட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர். காலையில் தாளைக் கிழிப்பது அவர் வேலை, வேறு யாரும் தொடக்கூடாது. கட்டைவிரலால் ஓரத்தை அழுத்தி ஒரே இழுப்பு. டிக்கெட் கிழித்த கை. கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வரி எழுதி, தலையணைக்கு அடியில் வைப்பார். 'ரசத்தில் பூண்டு நன்றாக இருந்தது.' 'மழை. ஜன்னலைத் திறந்துவிட்டார்கள்.' ஒரு தாளில் 'மகன் வரவில்லை' என்றும் இருந்தது.

அந்தத் தாளையும் சேர்த்துப் பார்த்தால்தான் அவருடைய சந்தோஷம் புரியும். அதனால் "எவ்வளவு தைரியம் உங்களுக்கு!" என்று மட்டும் புகழாதீர்கள். புகழ்ந்துவிட்டால் அடுத்த முறையும் அவர் நமக்காகத் தைரியமாக இருந்து காட்ட வேண்டும். அழத் தோன்றினாலும் அழ முடியாது.

அவருடைய அந்தச் சந்தோஷத்துக்கு அடியில் பலருடைய உழைப்பு இருக்கிறது. அவருக்கு நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் மாத்திரை. வலி வந்த பிறகு ஓடுவதில்லை, வருவதற்கு முன்பே கடிகாரம் பார்த்துக் கொடுத்துவிடுவார்கள். மூச்சுத் திணறலையும் அது தணிக்கும். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்திய முறை இது. நர்ஸாக இருந்து, சமூகப் பணிக்கு வந்து, அதன்பின் மருத்துவம் படித்தவர் அவர். உடம்பு நோவு, மனக்கலக்கம், குடும்பக் கவலை, கடவுளிடம் கேட்கிற கேள்வி எல்லாம் சேர்ந்ததே 'முழு வலி' என்றார். கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சங்கம் இந்தச் சிகிச்சையை எளியவர்களின் வீடுகளுக்கே கொண்டுபோனது. வலியில் துடிக்கிறவரிடம் போய் நம்பிக்கையோடு இருங்கள் என்பது கொடுமை. வலி அடங்கினால்தான் ரசத்தில் பூண்டு ருசிக்கும். நீங்கள் போன நேரத்தில் அவர் முனகிக்கொண்டிருந்தால் பேச்சை விடுங்கள், முதலில் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வலி இல்லாத நேரமென்றால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். நின்றுகொண்டே பேசினால் கிளம்பத் துடிப்பதாகவே அவருக்குத் தோன்றும். நோயை நீங்களாக எடுக்க வேண்டாம். பார்த்த தொழிலைக் கேளுங்கள். "தீபாவளிக் கூட்டத்துல சில்லறைக்கு என்னய்யா பண்ணுவீங்க?" என்று கேட்டேன். அரை மணி நேரம் ஓடிவிட்டது. நடுவில் ரோட்டில் பஸ் போனால் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டுவார். "செகண்ட் கியர்லயே இழுக்கிறான். வண்டி பாவம்." அந்த ஒரு வாக்கியத்தில் அவருடைய முப்பது வருஷம் இருந்தது.

மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் நிற்கட்டும். நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். சாவைப் பற்றி அவரே ஆரம்பித்தால் "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்று வாயை அடைக்காதீர்கள். பெரும்பாலும் நாம் செய்கிற தப்பு அதுதான். நானும் ஒருநாள் செய்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். "இரும்மா, சொல்லி முடிச்சிடறேன். நான் போன பிறகு காலண்டரை அப்படியே விட்டுடாதீங்க. மிச்சத்தையும் கிழிங்க."

ஆவணியில் ஒரு விடியற்காலை அவர் போனார். இப்போது பக்கத்துக் கட்டில் தாத்தா கிழிக்கிறார். அவருக்கு ஒரே இழுப்பில் வராது, ஓரம் கொஞ்சம் சுவரிலேயே நின்றுவிடுகிறது.