செய்த ஓசையும் தேர்ந்த ஓசையும்

ஸிந்தஸைஸர் என்றதும் நம்மில் பலருக்கும் நினைவு வருவது பிற வாத்தியங்களின் போலிதான். புல்லாங்குழல் மாதிரி, வயலின் மாதிரி. இந்த 'மாதிரி'யை விலக்கிவிட்டுப் பார்த்தால்தான் இது என்ன சாதனம் என்பது பிடிபடும். கம்ப்யூட்டரில் இயங்கும் ஸர்ஜ் என்ற மென்பொருளை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். கிளாஸ் யொஹான்ஸன் உருவாக்கிய இது 2018ல் மூலநிரலோடு பொதுவில் விடப்பட்டது. பலரது உழைப்பில் வளர்ந்து 2022ல் ஸர்ஜ் எக்ஸ்டி என்ற பெயரில் வெளிவந்தது. விலை கிடையாது. ஆகவே இதைப் பற்றிப் பேசுவது வியாபாரம் ஆகாது.

அமைப்பு எளிது. 'ஸீன்' எனப்படும் இரு பகுதிகள். ஒவ்வொன்றிலும் மூன்று ஆஸிலேட்டர்கள், இரண்டு ஃபில்டர்கள். ஆஸிலேட்டர் ஓசையைத் தருகிறது. ஃபில்டர் வேண்டாததைக் கழிக்கிறது. ரம்பப்பல் அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் உண்டு. மேலே உள்ளவற்றை வெட்ட வெட்ட அது இருண்டு மிருதுவாகிறது. கழித்து ஆக்கும் இந்த வழிக்கு மாறானதும் இதிலேயே இருக்கிறது. ஓர் அலையின் அதிர்வெண்ணை இன்னொரு அலை வேகமாக அசைத்தால் இரண்டிலும் இல்லாத புதிய அதிர்வுகள் தோன்றும் என்பது 1967ல் ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டது. கார்ப்ளஸும் ஸ்ட்ராங்கும் 1983ல் வெளியிட்ட முறை வேறொன்று. துளி இரைச்சலைக் குறுகிய சுற்றில் விட்டு, ஒவ்வொரு சுற்றிலும் அடுத்தடுத்த மதிப்புகளைச் சராசரியாக்கினால், மீட்டிய தந்தியின் நாதம் வருகிறது. தந்தி எங்கும் இல்லை.

ஆனால் ஓசையின் அடையாளம் அதன் பொருளில் மட்டும் இல்லை. 1948ல் பாரிஸில் பியெர் ஷேஃபர், மணியோசையின் பதிவிலிருந்து அடி விழும் கணத்தை நீக்கிக் கேட்டார். மணி மணியாக இல்லை. நாம் மணி என்று அறிந்துகொண்டிருந்தது பெரும்பாலும் அதன் தொடக்கத்தைத்தான். ஸிந்தஸைஸரில் என்வலப் என்பது இந்த உண்மையின் மேல் எழுந்த ஏற்பாடு: எழுச்சி, தணிவு, நிலை, விடுபடல். ஒரே அலைக்கு எழுச்சி நேரத்தை மாற்றினால் தட்டும் ஓசை ஊதும் ஓசையாகிவிடுகிறது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று இன்னும் வாதிடுகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

ஸர்ஜின் உயிர் மாடுலேஷனில் இருக்கிறது. எல்எஃப்ஓ எனப்படும் மெதுவான அலைகள் தாமாகக் காதில் விழுவதில்லை, விழுவதை அசைக்கின்றன. ஒவ்வொரு ஸீனிலும் இவை பன்னிரண்டு. ஆறு, வாசிக்கும் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியே ஓடும். மற்ற ஆறு எல்லாச் சுரங்களுக்கும் பொது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் தன்போக்கில் நடுங்குவதற்கும் கூட்டமே ஒன்றாக ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. எது எதை எவ்வளவு அசைக்கிறது என்பதை ஒரு பட்டியலாகவே பார்க்கலாம். பேரேடு எழுதிப் பழகியவனுக்கு அது அந்நியமாகத் தோன்றாது: எங்கிருந்து, எதற்கு, எவ்வளவு. பற்று எழுதாத இடத்தில் வரவு இல்லை.

இவ்வளவும் இருந்தும், இதைத் திறப்பவர்களில் பலர் முதலில் போவது ப்ரீஸெட்டுகளுக்கு. 2,000க்கும் மேற்பட்ட தயார் ஓசைகள் கூடவே வருகின்றன. இது புதிய நோய் அல்ல. சௌனிங்கின் முறையை வைத்து யமஹா 1983ல் வெளியிட்ட டிஎக்ஸ்7ல் புதிதாக ஆக்குவது கடினம் என்பதால் பெரும்பாலோர் உள்ளே இருந்ததையே வாசித்தார்கள். அதன் எலெக்ட்ரிக் பியானோ அந்தப் பத்தாண்டின் பாட்டுகளில் சலிக்கச் சலிக்க ஒலித்தது. நிலவையும் நதியையும் எடுத்து வைத்துவிட்டுக் கவிதை முடிந்தது என்று எழுந்து போகிறவர்களை நாம் அறியாதவர்கள் அல்ல.

இதற்கு மாற்றாக, வெறுமையிலிருந்து தொடங்கு என்கிறார்கள். அந்த வெறுமை எங்கே இருக்கிறது? ஸர்ஜின் 'வெறும்' தொடக்கத்திலேயே ஒரு ரம்பப்பல் அலை தயாராக நிற்கிறது. ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரித்த சுருதியும் யாரையும் கேளாமல் முடிவாகியிருக்கிறது. வேறு சுருதி அமைப்பை ஸ்காலா என்ற வடிவக் கோப்பாக இதில் ஏற்ற முடியும். ஏற்றலாம் என்பதே தெரியாதவன், தான் ஒன்றும் தேர்ந்தெடுக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருப்பான். மொழியிலும் யாரும் வெறுமையிலிருந்து தொடங்குவதில்லை. வாக்கியம் நமக்கு முன்பே அங்கே இருக்கிறது.

எனவே ப்ரீஸெட்டைத் தொட்டானா என்று விசாரிப்பது போலீஸ் வேலை. ஒரு தயார் ஓசையை எடுத்து அதன் எழுச்சியை அரை நொடி தாமதப்படுத்தியவனிடம், அந்தத் தாமதத்துக்கு இசைக்குள்ளேயே காரணம் இருந்தால், அவன் செய்தவன். வெறும் அலையில் தொடங்கி, நாள் முழுக்க உழைத்து, பழகிய ஓசையிலேயே போய் நின்றவன் தேர்ந்தவன்தான். இவ்விருவரையும் காதால் பிரித்தறிய நம் விமர்சனம் இன்னும் பழகவில்லை.