செய்தியும் கவிதையும்: ‘புத்தரின் படுகொலை’யை முன்வைத்து

இலக்கியத்தை ஏனைய எழுத்துக்களினின்றும் வேறுபடுத்துவது யாது என்னும் வினாவுக்கு, அணியும் கற்பனையுமே என விடை எழுதிப் பழகிவிட்டோம். அவ்விடை போதுமானதா என்பதைக் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமானின் ‘புத்தரின் படுகொலை’யைக் கொண்டு நோக்கலாம்.

1981 மே 31இல் மூண்ட வன்செயல்களின்போது யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இது செய்தி. இதில் நாளோ எண்ணோ பிழைத்தால் எழுத்தே பிழைத்துவிடும்.

கவிதையிலோ நடவாத ஒன்று நடக்கிறது. கவிஞரின் கனவில், நூலகப் படிக்கட்டின் அருகே, சிவில் உடையணிந்த காவலர் புத்தரைச் சுட்டுக் கொல்கின்றனர். இரவில் வரும் அமைச்சர்கள், தம் பட்டியலில் இல்லாதவரை ஏன் கொன்றீர் என வினவுகின்றனர். அவரைக் கொல்லாமல் ஓர் ஈயைத்தானும் கொல்ல இயலவில்லை என்பது காவலரின் விளக்கம். கந்தோரில் மேலதிகாரிக்குக் கணக்கொப்புவிக்கும் பேச்சே இது. இங்கே உவமை தேடும் மாணவன் வெறுங்கையுடன் திரும்புவான்!

செய்தியின் எண்ணும் கவிதையுள் உண்டு. தொண்ணூறாயிரம் என வருகிறது. செய்தியில் அது இழப்பின் அளவு. கவிதையிலோ பிணத்தை மறைக்கும் போர்வை. எரியூட்டப் பயன்படுவது, இல்லறத்தார் கடமைகளைப் புத்தர் உரைத்த சிகாலோகவாத சூத்திரம். இழந்தவர் தமிழ் வாசகர் என்பதோடு செய்தி நின்றுவிட, எரித்தவர் தாம் வணங்கியவரையே எரித்தனர் என்பதைக் கவிதை காட்டுகிறது.

ஆகவே கற்பனை மட்டும் இலக்கியமாகாது. பொய் வழக்கிலும் கற்பனை உண்டு. நடந்ததன் பொருளை வெளிக்கொணர நடவாததை இயைக்கும் முறையே வேறுபாட்டைத் தருகிறது எனலாம். தொல்காப்பியர் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் பிரிக்காது இணைத்தே புலனெறி வழக்கம் என்றமை இங்கு நோக்கற்பாலது. அவர் அகப்பொருளுக்குக் கூறியது இவ்வரசியற் கவிதைக்கும் பொருந்துவது வியப்பே.

இதனைப் பிரசாரம் என ஒதுக்குவோர் உளர். பிரசாரம் தன் பக்கத்தாரிடம் பேசுவது; இக்கவிதையோ எதிர்ப்பக்கத்தாரின் அறத்தைக் கொண்டே அவர்களை வினவுகிறது. எனினும் ஒரு தடையை நான் ஒப்புக்கொள்கிறேன். 1981ஐ அறியாத வாசகனுக்கு அப்படிக்கட்டு வெறும் படிக்கட்டே. நூலகம் மீளக் கட்டப்பட்ட பின்னர் பிறந்த எம்மனோர்க்கு முதலில் அச்செய்தியை யாரேனும் சொல்லியாக வேண்டும். எனக்கும் அவ்வாறு சொல்லப்பட்ட பின்னரே கவிதை விளங்கிற்று.