அறுபதுக்குப் பிறகு நெடுநடை

அந்தமானின் போர்ட் பிளேர், இப்போது ஸ்ரீ விஜயபுரம், அரசு ஊழியர்களின் ஊர். எங்கள் ஷாதிபூரிலும் வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் பணி ஓய்வை எண்ணிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் ஓய்வு பெற்றதும் ஊரில் வீடு கட்டுவார்கள், காசி ராமேஸ்வரம் போவார்கள். இப்போது சிலர் மலையேறப் போகிறார்கள். இமயமலையில் ஒரு ட்ரெக்கிங், பிறகு வெள்ளியங்கிரி, அப்படியே டிக்லிபூர் போய் சேடில் பீக் என்று பட்டியல் போடுகிறார்கள். அவர்களுடைய ஆசை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் இருப்பதெல்லாம் சிகரங்கள். வயதான உடம்புக்கு நன்மை செய்வது தூரமும், தொடர்ந்து நடக்கும் நாட்களும். உயரமும் அவசரமும் கேடுதான் செய்யும்.

அமெரிக்காவின் எம்மா கேட்வுட் பதினோரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். 1955இல், 67 வயதில், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையை ஒரே பருவத்தில் தனியாக நடந்து முடித்தார். தோளில் தானே தைத்த ஒரு பை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. ஏறக்குறைய ஐந்து மாதம் நடந்தார். அவருடைய பலம் வேகத்தில் இல்லை. இன்று முடிந்த அளவு நடப்பது, நாளைக் காலையில் எழுந்து மறுபடி நடப்பது, அவ்வளவுதான். ஓய்வு பெற்றவரிடம் இளைஞரிடம் இல்லாத ஒன்று இருக்கிறது: நாள் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கக்கூடிய நேரம். அதை வைத்துக்கொண்டு ஐந்து நாள் பேக்கேஜில் இமயமலை ஏறுவது கையிலிருக்கும் செல்வத்தைத் தெரியாமல் இழப்பது.

நமக்கு இப்படி நாள்கணக்கில் நடப்பது புதிதும் இல்லை. தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்குக் காவடியோடு நடக்கும் நகரத்தார், யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடக்கும் அடியார்கள், இவர்களில் முதியவர்கள் ஏராளம். பாதயாத்திரையின் அமைப்பைக் கவனித்தால் அதன் அறிவு புரியும். விடியலுக்கு முன் கிளம்புகிறார்கள். வெயில் ஏறியதும் தங்குகிறார்கள். வழியில் மோரும் சோறும் கிடைக்கின்றன. ஒருவர் பின்தங்கினால் கூட்டத்தில் யாராவது கவனித்துவிடுகிறார்கள். குறையும் உண்டு. பாதயாத்திரை லாரி ஓடும் சாலையோரத்தில் நடக்கிறது. வெறுங்காலில் நடக்கும் நேர்த்திக்கடன் சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து: பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பதால் கொப்புளம் வந்ததே தெரியாது, புண்ணாகிய பிறகுதான் தெரியும். நாள் குறித்த திருவிழா என்பதால் காய்ச்சல் வந்தாலும் பலர் நிற்பதில்லை. ஆனாலும் பாதயாத்திரையின் துணையையும் தங்கல்களையும் எடுத்துக்கொண்டு, மலை நடையின் முன்தயாரிப்பையும் நல்ல ஷூவையும் அதோடு சேர்த்தால், அதுவே அறுபதுக்குப் பிறகான நடைக்குச் சரியான வடிவம் என்பேன்.

சிகரத்தின் சிக்கல் ஏறுவதில் மட்டும் இல்லை. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடலாம். இறக்கத்தில்தான் முழங்கால் உடம்பின் பாரத்தைத் தாங்கித் தாங்கி இறக்க வேண்டும். தசை குறைந்த தொடை அதற்கு உதவாது. வயதாக ஆகத் தாக உணர்வு மங்கும். ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் வெயிலில் நடந்தால் தலை சுற்றி விழ வாய்ப்பு அதிகம். கைலாச மானசரோவர் யாத்திரைக்கு அரசு 70 வயதை எல்லையாக வைத்து, மருத்துவச் சோதனையும் செய்துதான் அனுப்புகிறது. வெள்ளியங்கிரியில் அந்த வடிகட்டல் இல்லாததன் விலையை 2024இல் பார்த்தோம். மலையேறப் போன பலர் இறந்தார்கள்.

அந்தமானில் வேறு கணக்குகளும் உண்டு. டிரங்க் ரோடு 300 கிலோமீட்டருக்கு மேல் நீண்டாலும் நெடுநடைக்கு உதவாது. நடுவில் ஜாரவா பழங்குடி மக்களின் காப்பகம் வருகிறது. ஜிர்காடாங்கிலிருந்து வண்டிகள் கான்வாயாகத்தான் போக முடியும். அந்த மக்களின் நலனுக்கான தடை அது, அப்படியேதான் இருக்க வேண்டும். மே தொடங்கி டிசம்பர் வரை மழை. நடக்க ஏற்ற மாதங்கள் ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான். அதிலும் பகல் சுருக்கம். டெல்லி நேரத்தில் ஓடும் கடிகாரம் இங்கே ஏமாற்றும். டிசம்பர், ஜனவரியில் ஐந்து மணியையொட்டி சூரியன் இறங்கிவிடும், காட்டுக்குள் அதற்கும் முன்பே இருள். சென்னையிலிருந்து வருகிறவர் இதை மறந்து மதியத்துக்கு மேல் கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் நமக்குத் தேவையானது கண்ணெதிரே இருக்கிறது. சாத்தமில் ஃபெர்ரி ஏறி பாம்பூ ஃப்ளாட்டில் இறங்கினால் மவுன்ட் ஹேரியட், இப்போது மவுன்ட் மணிப்பூர், 383 மீட்டர். 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ சூரியன் மறைவதைப் பார்க்க ஏறிய மலை. இறங்கி வந்து ஹோப் டவுன் ஜெட்டியில் படகேறப் போகையில்தான் ஷேர் அலி என்ற கைதி அவரைக் குத்திக் கொன்றான். உச்சியிலிருந்து காலா பத்தர் வரை மரநிழலிலேயே நடக்கலாம். அதற்கு மேல் மதுபன் பக்கம் இறங்கும் பாதையில் ஈர வேர்கள் பாதையின் குறுக்கே கிடக்கும், சருகு அவற்றை மூடியிருக்கும். கைத்தடியால் தட்டிப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டும். மழை பெய்திருந்தால் அட்டை ஏறும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவருக்கு அட்டை கடித்த இடத்தில் ரத்தம் சட்டென்று நிற்காது. பஞ்சும் கட்டுத்துணியும் பையில் இருக்கட்டும். பருவம் முழுவதும் வாரம் ஒரு முறை இந்த மலையில் நடந்தவர், ஒருமுறை சேடில் பீக்கின் 732 மீட்டரைத் தொட்டுவிட்டு வந்தவரைவிட மேலான நெடுநடையாளர் என்பது என் தீர்ப்பு.

எனக்கு இன்னும் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. இந்த ஓய்வுக்கால நடை ஆண்களின் நடையாகவே இருக்கிறது. கணவர் பத்து நாள் மலைக்குப் போகிறார். மனைவிக்கு அடுப்பிலிருந்தும் பேரப்பிள்ளையிடமிருந்தும் பணி ஓய்வு கிடையாது. பழனிப் பாதையில் நடக்கும் பெண்களை யாரும் தடுப்பதில்லை, ஏனென்றால் அது வேண்டுதல். உடம்புக்காக, மனசுக்காக நடக்கிறேன் என்று ஓர் அம்மா சொன்னால் வீட்டில் கேள்வி எழுகிறது. மவுன்ட் மணிப்பூரில் நடக்க வனத்துறை மூத்த குடிமக்களுக்குப் பருவம் முழுவதற்கும் ஒரே அனுமதிச் சீட்டு தர வேண்டும். குடியிருப்போர் சங்கங்கள் வாரத்தில் ஒரு நாள், முதல் ஃபெர்ரிக்கு, கணவனும் மனைவியும் சேர்ந்தே பெயர் கொடுக்கும் குழுக்களை அமைக்க வேண்டும். வரும் ஜனவரியிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.