போத்தும் வேரும்

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மறுநாள் தெருக்களில் வேரோடு சாய்ந்து கிடந்தவற்றில் குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகியவையே அதிகம் கண்ணில் பட்டன. மூன்றும் சீக்கிரம் வளர்ந்து குடை விரிப்பவை, அதற்காகவே நடப்பட்டவை. ‘அயல் மரம் விழுந்தது, நாட்டு மரம் நின்றது’ என்ற பேச்சு உடனே கிளம்பிவிட்டது. அதில் பாதிதான் உண்மை. புங்கனும் வேம்பும் கூட விழுந்தன. கேபிளுக்காகப் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை அறுத்து, மறுபக்கம் தூர்வரை சிமென்ட் பூசினால் எந்த ஊர் மரமும் சாயும்.

என் சந்தேகமெல்லாம் மரத்தின் ஊரைப் பற்றியதல்ல, அதை உண்டாக்கும் விதத்தைப் பற்றியது. பூவரசையும் ஆலையும் விதை போட்டு வளர்த்தவர்களைவிடப் போத்து நட்டு வளர்த்தவர்களே நம் ஊர்களில் அதிகம். மணிக்கட்டுப் பருமனில் ஆள் உயரக் கிளையை மழைக்காலத்தில் வெட்டி ஊன்றி, நுனி காயாதிருக்கச் சாணம் அப்பிவிடுவார்கள். ஆடு எட்டாத உயரத்தில் துளிர்க்கும். வேலியும் காவலும் தேவையில்லை. செலவில்லாத, அருமையான உத்தி. ஆனால் போத்தில் ஆணிவேர் கிடையாது. வெட்டுவாயைச் சுற்றிப் பக்கவேர்கள் மட்டுமே கிளம்பும். கண்மாய்க் கரையிலும் களத்து மேட்டிலும் அவை நாலாபுறமும் ஓடி மரத்தைத் தாங்கிக்கொள்ளும். மூன்றடி நடைபாதையில் ஓட இடமேது? கிராமத்துக்குப் பொருந்திய முறையை இடம் பாராமல் நகரத்துக்குக் கொண்டுவந்தோம்.

குச்சி நடவின் இன்னொரு முகம் கோனோகார்பஸ். வறட்சி, உப்புநீர் எதையும் தாங்கும். குச்சியை ஊன்றினால் சில ஆண்டுகளில் பச்சைச் சுவர். ஒரே தாய்மரத்தின் குச்சிகள் என்றால் அத்தனையும் ஒரே மரத்தின் நகல்கள். ஒரு நோய் வந்தால் வரிசை முழுக்க ஒன்றாகவே நோகும். மகரந்த ஒவ்வாமை, குழாய்களுக்குள் நுழையும் வேர் என்று புகார்கள் பெருகி, குஜராத் 2023இல் தடை விதித்தது, தமிழ்நாடு 2025இல். சோமாலியா பக்கத்து இனமா, அமெரிக்கக் கடலோரத்து இனமா என்று பாராமல், இரண்டையும் நாற்றங்கால்கள் ஒரே பெயரில் விற்றன.

அடையாளம் காண்பதில் நாம் இன்னும் மோசம். ‘கொன்றை வேண்டும்’ என்று கேட்பவருக்கு எந்தக் கொன்றை கிடைக்கும்? பூத்தால் குழப்பமில்லை: சரக்கொன்றையின் கொத்து தொங்கும், காய் உருளை; மஞ்சள் கொன்றையின் கொத்து நிமிர்ந்து நிற்கும், காய் தட்டை. நாற்றில் இலை மட்டுமே சாட்சி. சரக்கொன்றைக்குச் சில இணைகளே, ஒவ்வொன்றும் பெரிது. மற்றதற்குச் சிற்றிலைகள் நிறைய. தவறினால் வருவது ஏமாற்றம் மட்டுமல்ல. மஞ்சள் கொன்றை சேர்ந்த சென்னா பேரினத்தில், அழகுக்காகக் கொண்டுவந்த வேறோர் இனம் முதுமலைக் காட்டுக்குள் பரவி, இன்று வனத்துறை அதை வெட்டி அகற்றிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் விதைதான் விடையா? ஓரளவுக்கு. குல்மோகர் விதையின் கெட்டித் தோலை வெந்நீரில் ஊறவைத்து இளக்க வேண்டும். வேப்பம் விதையோ சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும். பழுத்து விழுந்ததும் விதைத்தாக வேண்டும். இவ்வளவு பாடுபட்டு முளைத்த ஆணிவேரைச் சின்னப் பாலித்தீன் பைக்குள் மாதக்கணக்கில் அடைத்தால், அது அடியில் முட்டிச் சுருண்டு கயிறாகிவிடுகிறது. சுருட்டை நீக்காமல் நட்டால், விதைக்கன்றுக்கும் போத்துக்கும் பிடிமானத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது.

நாற்றங்காலில் உயரமான கன்றுக்குத்தான் கூடுதல் விலை. பையின் அளவு ஒன்றே என்றால், உயரமான கன்று பெரும்பாலும் அதிக நாள் அந்தப் பைக்குள் சுருண்டு கிடந்த கன்று.