வட்டுக்கோட்டையின் வாசிப்பும் திருநெல்வேலியின் வாசிப்பும்

தென்னிந்தியத் திருச்சபையின் ஆதீனங்களுள் இந்தியாவுக்கு வெளியே இருப்பது யாழ்ப்பாண ஆதீனம் ஒன்றுதான். அதன் பேராலயம் வட்டுக்கோட்டையில் இருக்கிறது. 1947 செப்டெம்பர் 27இல் சென்னைப் புனித ஜோர்ஜ் பேராலயத்தில் அந்தத் திருச்சபை உருவானபோது திருநெல்வேலியும் யாழ்ப்பாணமும் ஒரே சபைக்குள் வந்தன. 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதலின் வசனங்களைத்தான் இரு கரையிலும் முதியவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை இரு கரையிலும் பாடுகிறார்கள். ஆனால் ஒரு கிறிஸ்தவர் தம் விசுவாசத்துக்கு உரமாக வீட்டில் ஒரு நூலை எடுத்து வாசிக்கும் முறை அங்கே ஒரு விதமாகவும் இங்கே வேறு விதமாகவும் வளர்ந்தது. அதன் காரணத்தை அறிந்தால்தான் இன்று எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் என்ன குறைகிறது என்பதும் தெரியும்.

திருநெல்வேலியில் ஊர்கள் ஊர்களாக மதம் மாறின. 1799இல் முதலூர் எழுந்தது. பின்பு மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று கோயிலைச் சுற்றியே குடியிருப்புகள் வளர்ந்தன. தொடக்கத்தில் அங்கே சேர்ந்தவர்களில் பெரும்பாலானோர் எழுத்தறியாத பனையேறிகளும் கூலிக்காரரும். கோயில் மணி அடித்ததும் கூடுவார்கள். உபதேசியார் வாசிப்பார், சபை திரும்பச் சொல்லும். ஆகவே வேதம் அவர்களுக்குக் காதின் வழியாக, கூட்டமாக, பாட்டோடு வந்தது. கண்ணால் வாசிக்கக் கற்ற பேரப்பிள்ளைகளிடமும் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. இன்றும் அந்தப் பக்கத்துக் குடும்ப ஜெபத்தில் பாட்டு முதலில் வரும். பிறகு ஓர் அதிகாரத்தைப் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனமாக வாசிப்பார்கள்.

வட்டுக்கோட்டையில் வழி வேறு. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் இங்கே ஒரு செமினரியைத் தொடங்கினார்கள். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். இங்கே கிறிஸ்தவம் பெரும்பாலும் பாடசாலை வழியாக, ஒவ்வொருவராக வந்தது. செமினரி மாணவன் வேதாகமத்தைக் கணிதத்தோடும் வானசாஸ்திரத்தோடும் தமிழ் இலக்கணத்தோடும் சேர்த்துப் படித்தான். பின்னர் அதிபராக இருந்த ஹொய்சிங்டன் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். செமினரியில் பயின்ற எல்லோரும் கிறிஸ்தவராக நிலைக்கவுமில்லை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் இந்தச் செமினரியின் பிள்ளைகளே. தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் சைவராகவே வாழ்ந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தார்.

இன்னொன்றை இந்தியத் தமிழர் பலர் கவனிப்பதில்லை. இங்குள்ள கிறிஸ்தவரின் அயலவர் வேதாகமத்தை நன்கு படித்த சைவர். பேர்சிவல் பாதிரியாரின் 1850ஆம் ஆண்டு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் ஆறுமுக நாவலர். பின்பு கிறிஸ்தவப் பிரசாரத்துக்கு மறுப்பாகச் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியவரும் அவரே. கோயில்களில் ஒருவர் கந்தபுராணம் படிக்க, மற்றவர் பயன் சொல்லும் புராணபடனம் ஊரெல்லாம் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் வேதக்காரர் தம் நூலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் சந்தைக்குப் போய்வரும் வழியிலேயே கேள்வியில் அகப்பட்டுக்கொள்வார். இங்கே வாசிப்பில் ஆராய்ச்சிக் குணம் கூடியதற்கு இந்த அயலும் ஒரு காரணம். அதற்காக நாங்கள் அந்த அயலுக்கு நன்றி சொல்லவேண்டும். எதிர்க்கேள்வி இல்லாத இடத்தில் பக்தி சுலபமாகச் சோம்பிவிடும்.

ஒரு நூலை எடுத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். ஜோன் பனியனின் மோட்சப் பயணக் கதையை இங்கே உடுவிலில் நெடுங்காலம் பணிசெய்த லீவை ஸ்போல்டிங் தமிழ் உரைநடையில் தந்தார். அது மாணவர் கையில் இருந்து தனியே வாசிப்பதற்கு ஏற்றது. அதே கதையைப் பாளையங்கோட்டைப் பக்கத்தில் எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எடுத்தபோது அது ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாயிற்று. அவர் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். 3,700க்கும் மேற்பட்ட பாக்களில், கம்பனில் ஊறிய நாவோடு அவர் எழுதியதை 1894இல் நூலாக வெளியிட்டார்கள். இங்கே ஆராயும் உரைநடையாக நின்ற கதை அங்கே ஓதிக் கேட்கும் பாட்டாகியது. எது மேல் என்று கேட்டால், துக்கநாளில் நினைவுக்கு வருவது பாட்டுத்தான் என்பேன். அந்தப் பக்கத்தாருடைய பெரிய செல்வம் அது. நாங்கள் அதில் ஏழைகள்.

கத்தோலிக்கர் கதை தனி. கோவாவில் பிறந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் எங்கள் கரையோரக் கோயில்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்தது. ஆராய்ச்சியையும் கண்ணீரையும் பிரித்துப் பார்க்காத வாசிப்பு அது. புரட்டஸ்தாந்தராகிய நாங்கள் அதைப் பக்கத்தில் இருந்தும் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு காலத்தில் நூல்கள் இங்கிருந்தும் அக்கரைக்குப் போயின. 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் ‘உதயதாரகை’ பிறந்தது. அதன் முதல் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியில் பயின்ற தமிழர். யாழ்ப்பாணத்தில் தொடங்கிய அகராதி வேலை 1862இல் வின்சுலோவின் பேரில் சென்னையில் அச்சேறியது. யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன் எழுதிய ‘கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு’ 1967இல் பெங்களூரிலிருந்து வந்தது. அதற்கு மூன்று ஆண்டு முன்னர், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கிருபை என்னும் கருத்தை ஒப்பிட்டு அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இலண்டனில் வெளியானது. சைவ அயலவரோடு கதைத்துக் கதைத்து வளர்ந்த ஒருவரின் கையால்தான் அப்படியொரு நூல் வரும். இந்த மண்ணின் வாசிப்பு எதைத் தரவல்லது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

பிறகு போர் வந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. 1990இலிருந்து பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரியை வைத்து எரித்த விளக்கில்தான் பிள்ளைகள் சோதனைக்குப் படித்தார்கள், பெரியவர்கள் சங்கீதம் வாசித்தார்கள். பத்திரிகைகளைக் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த காலத்தில் புதிய பக்திநூல்களுக்கு எங்கே போவது? இருந்த வேதாகமமும் பாட்டுப் புத்தகமும்தான் திரும்பத் திரும்ப வாசிக்கப்பட்டன. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதி முழுவதும் இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகள் அப்படியே விடப்பட்டன. திரும்பி வந்தபோது பல வீடுகளில் அவை இருக்கவில்லை. அக்கரையில் இந்த முறிவு நேரவில்லை. 1858இல் தொடங்கிய கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் சென்னையில் தொடர்ந்து அச்சிட்டது. மாத இதழ்கள் பெருகின.

இன்று எங்கள் வீடுகளில் உள்ள தமிழ்ப் பக்திநூல்கள் பெரும்பாலும் அங்கே அச்சானவை. அவற்றைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு வகையாக மட்டும் பிரித்துப் பார்ப்பேன். ஃபிரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் வெளியிடும் ‘அறைகூவல்’ போன்ற இதழை வாசிக்கும் குடும்பம் வடஇந்தியக் கிராமம் ஒன்றின் பேரைச் சொல்லி ஜெபிக்கிறது, மாதந்தோறும் ஒரு தொகையை எடுத்து வைக்கிறது. அங்கே வாசிப்பு காலையும் கையையும் அசைக்கிறது. நான் மதிக்கும் வாசிப்பு அது. மற்ற வகை, நாளுக்கொரு வசனமும் அரைப்பக்க ஆறுதலும். புதுவருட ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும் கைத்தொலைபேசியில் விடியற்காலையில் வரும் வசனப் படமும் அந்த வகையில் சேரும். அவை தீமையில்லை. ஆனால் ஆசீர்வாதம் சொல்லும் வசனங்கள் மட்டும் பொறுக்கப்பட்டுப் புலம்பலும் யோபுவும் வாசிக்கப்படாமல் கிடக்கின்றன. காணாமல் ஆக்கப்பட்ட மகனுக்காகக் காத்திருக்கும் தாய்க்கு அந்த அரைப்பக்கம் போதாது. பிள்ளைகள் எல்லோரும் கனடாவில் இருக்க, பெரிய வீட்டில் தனியே இருக்கும் முதியவருக்கும் போதாது. அவர்களுடைய கேள்வி யோபுவின் கேள்வி. அதை இங்கே இருந்து எழுதியவர்கள் மிகச் சிலர்.

ஆகவே அக்கரையைப் பார்த்து நாங்கள் செய்யவேண்டியது இரண்டு. கூடி வாசிக்கும், பாடி வாசிக்கும் பழக்கத்தை அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவேண்டும். மாதத்தில் ஒரு மாலை, ஒரு வீட்டில், ஒரு நூலை ஒருவர் வாசிக்க மற்றவர் விளக்கம் சொல்லட்டும். புராணபடனம் கேட்டு வளர்ந்த ஊருக்கு அந்த முறை புதிதல்ல. விரும்பிவரும் சைவ நண்பரும் வந்திருந்து கேள்வி கேட்கட்டும். மற்றது எழுதுவது. இடப்பெயர்வில் முகாமில் ஜெபக்கூட்டம் நடத்திய பெண்கள் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். அவர்கள் எந்தச் சங்கீதத்தை எந்த நாளில் வாசித்தார்கள், ஏன் சில நாட்களில் வாசிக்க முடியாமல் போயிற்று என்பதைக் கேட்டு எழுதிவைக்க ஒரு கொப்பியும் ஒரு பேனையும் போதும். போதகர்மாரும் ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களும் யாழ்ப்பாணக் கல்லூரி மாணவரும் இந்த வேலையை இந்த வருடமே தொடங்கவேண்டும். அந்தத் தாய்மாருக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.